கட்டடம் இல்லாத ஆலை

தூத்துக்குடி ஜவுளி என்றால் 1908-இல் வேலைநிறுத்தம் நடந்த கோரல் மில்லோடு நம் பேச்சு நின்றுவிடும். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தை அடுத்த புதியம்புத்தூர் ரெடிமேட் ஆடைகளை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்குள்ள நிர்வாக முறை கவனிக்கத்தக்கது.

முதலாளி துணி வாங்குகிறார். கட்டிங் மாஸ்டர் அடுக்கி வெட்டுகிறார். வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வீடுகளுக்குப் போகின்றன. பெண்கள் தைத்துக் கொடுக்க, பீஸ் கணக்கில் கூலி. காஜா, பட்டன், அயர்ன், பேக்கிங் பட்டறையில் முடிகின்றன.

தீபாவளிக்கு முன் ஆர்டர் குவியும், பிறகு வற்றும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் கட்டடமும் மாதச் சம்பளமும் வைத்திருப்பவர் திணறுவார். இங்கே கூடுதலாக நாலு வீட்டுக்குக் கட்டு அனுப்பினால் போதும். சிறு முதலோடு ஒருவர் தொழில் தொடங்கலாம். பிள்ளையை விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கும் கையில் காசு வருகிறது. சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் ஆர்டர் இல்லாத மாதத்தின் சுமை யார் தலையில்? தைப்பவர் தலையில்தான். மெஷினும் கரண்ட் பில்லும் அவருடையவை. ஊசி உடைந்தாலும் அவர் செலவு. பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். என்கிறது சட்டம். வீடு வீடாகச் சிதறியவர்களை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பது? கோரல் மில் தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் கூலி உயர்வு கேட்டு வெளியே வர முடிந்தது. இவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கூலியே தெரியாது.

தரமும் சிக்கல். ஒரு வீட்டுத் தையல் நெருக்கமாக இருக்கும், அடுத்த வீட்டில் தோள் அளவு அரை அங்குலம் தள்ளியிருக்கும். உள்ளூர்க் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். வெளிநாட்டு வாங்குநரோ தைத்த இடத்தையே தணிக்கை செய்ய வேண்டும் என்பார். அதனால்தான் திருப்பூர், கரூர் கன்டெய்னர்கள் தூத்துக்குடியில் கப்பலேறும்போது, துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரின் சரக்கு பெரும்பாலும் லாரியில் உள்நாட்டுக் கடைகளுக்குப் போகிறது.

இதற்குத் தீர்வு எல்லோரையும் ஆலைக்குள் அடைப்பதல்ல. அடைத்தால் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள். தரச் சோதனைக்கு முதலாளிகள் சேர்ந்து ஒரு பொது மையம் வைக்கலாம். அதற்கு முன், தைக்கும் ஒவ்வொருவருக்கும் கூலிச் சீட்டு கொடுத்து, தையல் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்யட்டும். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.