பதினேழாவது சாப்டர்

சினிமாவுக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாண வீடியோவுக்கு யார் எழுதுவது? அதிலும் அந்த வீடியோவை டிஸ்க்காக மாற்றும்போது போடும் சாப்டரைப் பற்றி? கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். ஆனால் இரண்டு மாதமாக இதிலேயே கிடக்கிறேன். சாப்டர் போடுவதும் ஒரு விமர்சன வேலைதான், அதை நாம் மோசமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

ரிமோட்டில் 'நெக்ஸ்ட்' அழுத்தினால் படம் எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் சாப்டர். விஎச்எஸ் காலத்தில் இது கிடையாது. டேப்பை ஓட்டு, நிறுத்து, தாண்டிப் போச்சு, திரும்ப ஓட்டு.

நான் எடுத்துக்கொண்டது அக்கா கல்யாண கேசட். 1993, மன்னார்குடி. மூன்று மணி நேரம். 2006-இல் ஒரு கடையில் கொடுத்து இரண்டு டிவிடியாக மாற்றினோம். முதல் டிஸ்க் 2 மணி நேரம், அதில் 24 சாப்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. கடைக்காரர் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை. டிவிடி ரெக்கார்டரில் அப்படி ஒரு அமைப்பு உண்டு, ஆன் பண்ணிவிட்டால் அது பாட்டுக்குக் குறி போட்டுக்கொண்டே போகும். அதனால் பத்தாவது சாப்டரைப் போட்டால் கெட்டிமேளம் பாதியில் ஆரம்பிக்கிறது, தாலியில் முதல் முடிச்சு ஏற்கெனவே விழுந்துவிட்டது. மெனுவில் அந்தக் கட்டத்துக்கான படம் யாரோ ஒருவருடைய காதும் பாதி மாலையும்.

இது மெஷின் செய்த தப்பு என்று விட்டுவிடலாம். மனிதர்கள் போட்ட சாப்டர் என்ன லட்சணம்? பிற்பாடு வந்த ஸ்டுடியோ டிஸ்க்குகள் சிலவற்றை உறவினர் வீடுகளில் வாங்கிப் பார்த்தேன். நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மொய், ரிசப்ஷன். ரோஜாப்பூவும் இதயமும் போட்ட மெனு. எல்லா வீட்டிலும் இதே ஆறு. காரணம் ஒன்று உண்டு. டிவிடியில் ஒரு தலைப்புக்குள் 99 சாப்டர் வரை வைக்கலாம், ஆனால் சாப்டருக்கென்று பெயர் எழுதுவது அந்த வடிவத்தில் வழக்கமில்லை. பெரும்பாலான டிஸ்க்குகளில் இருப்பது எண்ணும் நேரமும் மட்டும்தான். பெயர் வேண்டுமென்றால் மெனுவில் படமாக வரைய வேண்டும். திரையில் ஆறு கட்டம் அழகாக உட்கார்ந்தால், கல்யாணமும் ஆறு கட்டத்தில் முடிந்துவிடும். சடங்குக்கு இடம் உண்டு, வந்த மனிதர்களுக்கு இல்லை.

சாப்டரே வேண்டாம் என்றவரும் இருந்தார். டேவிட் லிஞ்ச் தன் 'முல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியில் சாப்டர் போடவே விடவில்லை. படம் என்றால் முதலிலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டியது என்பது அவர் கட்சி. சினிமாவுக்கு அது சரியாக இருக்கலாம். மூன்று மணி நேரக் கல்யாண கேசட்டை முழுசாகப் பார்க்க மாப்பிள்ளைக்கே பொறுமை கிடையாது என்று நினைத்து, இவரைத் தாண்டி வந்துவிட்டேன். அவரிடம் திரும்பி வர வேண்டியிருந்தது.

சரி, நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். டிஸ்க்கிலிருந்து படத்தை எடுத்து எம்கேவி கோப்பாக்கினேன். இதில் சாப்டருக்குப் பெயர் வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம். குறியை மாற்றினால் படத்தை மறுபடி சுருக்க வேண்டியதும் இல்லை. டிவிடியில் ஒரு தொல்லை உண்டு. குறியை நினைத்த ஃபிரேமில் வைக்க முடியாது, ஃபிரேம் கூட்டம் ஒன்று தொடங்கும் இடத்தில்தான் வைக்கலாம். நம்மூர் பால் முறையில் ஒரு கூட்டம் அதிகபட்சம் 15 ஃபிரேம், நொடிக்கு 25 ஃபிரேம், ஆக அரை நொடிக்கு மேல் தள்ளிப்போக வாய்ப்புண்டு. அதனால் எப்போதும் இரண்டு நொடி முன்னாலேயே வையுங்கள். கெட்டிமேளத்தின் முதல் அடி முழுங்கிப்போனால் அப்புறம் எதுக்கு சாப்டர்?

எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி கிடைத்தது. 90-களின் வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். (அப்பா அந்த வீடியோவில் பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு வார்த்தை கேட்காது. இதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.) பாட்டு மாறும் இடத்தில் பெரும்பாலும் காட்சியும் மாறும். அதை வைத்து 14 குறி போட்டேன், பெயரெல்லாம் வைத்து ஒரு டிஸ்க்கும் எழுதி, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன்.

"பதினேழு எங்கடா?"

பதினேழாவது சாப்டர் பழைய டிஸ்க்கில் 1:20:00-இல் ஆரம்பிக்கும். பந்தி. 1:23:10-க்கு என் மாமா, அம்மாவின் தம்பி, சாம்பார் வாளியோடு வருவார். 38 நொடி. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிப்பார். அவர் 1998-இல் இறந்துவிட்டார், நடமாடும் படம் இது ஒன்றுதான். "பதினேழப் போட்டுட்டு உள்ள போயி காப்பி கலந்துட்டு வந்தா சரியா இருக்கும்," என்றாள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

என் 14-இல் பந்தி ஒரே சாப்டர், அது 1:15-இலேயே தொடங்கிவிடுகிறது. சடங்குப்படி சரி. வாழை இலை, கூட்டம், இலை. மாமாவுக்காக எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரனைத் திட்டிவிட்டு நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

உடனே 1:23:08-இல் ஒரு குறி வைத்து 'மாமா' என்று பெயரும் கொடுத்தேன். பார்த்தாள். முகம் சரியில்லை.

"திடீர்னு வந்து நிக்கிறான்டா."

இங்கேதான் லிஞ்ச் ஞாபகம் வந்தார். வரப்போகிறான் என்று தெரிந்து காத்திருக்கும் அந்த மூன்று நிமிடத்தையும் சேர்த்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள். மெஷின் கண்ணை மூடிக்கொண்டு வைத்த குறி தற்செயலாகச் சரியான தூரத்தில் விழுந்திருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து வைத்தது முகத்தில் போய் இடித்தது. ஆளைக் குறிக்க வேண்டும், ஆனால் ஆளின் மேல் குறிக்கக் கூடாது. கடைசியில் 1:21:40-இல் வைத்தேன். இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும் இடம். அம்மா ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. அது பதினேழாகவே இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் 16 குறி தேவை. சடங்குக் கணக்கில் எனக்கு எட்டுதான் தேறியது. மீதி எட்டை நீயே சொல்லு என்று ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மொய் மேசையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் பெரியப்பா. தூணில் சாய்ந்து தூங்கும் அரை டிராயர் போட்ட நான். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போகும் பக்கத்து வீட்டு ஆச்சி. நாதஸ்வரக்காரருக்கு சோடா உடைத்துக் கொடுக்கும் பையன். அக்காவின் பின்னல் அவிழ்ந்ததைப் பார்த்து ஓடி வரும் அத்தை. வாசலில் செருப்புத் தேடும் அப்பா. மீதி இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டேன், சொன்னாள், எழுதிக்கொண்டேன்.