சபா, சாவு வீடு, சாராயக்கடை

எங்க சித்தப்பா கொட்டுக்காரர். விளாத்திகுளம் பக்கம் எங்க ஊரில் 'கொட்டுக்காரன்' என்பது தொழிலின் பெயர் இல்லை, ஆளைக் கூப்பிடவும் விரட்டவும் வைத்த பெயர். 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியதே, அந்த வருசம் எங்க தெரு இளவட்டங்கள் கூடி, இனிமேல் ஊர்க்காரர்கள் சாவுக்குக் கொட்டு அடிக்கப் போவதில்லை என்று முடிவு எடுத்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயசு. சித்தப்பா தப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. போன மார்கழியில்தான் புதுத் தோல் கட்டி அதைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

மார்கழியில் மக்கள் கலைகளுக்கும் மேடை என்று ஒரு அமைப்பு கூப்பிட்டிருந்தது. எந்த அமைப்பு, எந்த அரங்கு என்பது இங்கே வேண்டாம். குளிர்பதன அரங்கு, மெத்தை இருக்கை. சித்தப்பா உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தப்பக் காய்ச்சணுமே, தீ எங்க மூட்ட?" அரங்கத்துக்காரர் பதறிவிட்டார். தீ கீ என்று பேச்சே கூடாதாம். ஃபைபர் பறை இருக்கிறது, அதைக் காய்ச்ச வேண்டாம், அதிலே அடிங்க என்றார். சென்னைப் பிள்ளைகள் கொண்டுவந்த ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சித்தப்பா ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "தகரம் மாதிரிப் பேசுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அரங்கத்துக்குப் பின்சந்தில் ஒரு டாஸ்மாக். வாசலில் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. சித்தப்பா அதில் நாலைக் கிழித்துப் போட்டுக் கொளுத்தி, தப்பைக் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். காய்ந்ததா என்று பார்க்க சுண்டுக்குச்சியால் ஒரு தட்டு. பாருக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். இன்னொருவர், எந்த ஊர்க்காரரோ தெரியாது, "பெருசு, சாவுக்கு அடிக்கிற அடி ஒண்ணு அடி" என்றார். சித்தப்பா மாரடிப்பு அடி அடித்தார். கேட்டவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் நடந்தது. டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது. சித்தப்பா ஒரு சொட்டுக் குடிக்கிறவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு மேடை. எங்களுக்குப் பத்து நிமிசம். அறிவிக்கிற தம்பி நம்ம பையன்தான், நம்ம அரசியல் பேசுகிறவன்தான். மைக்கில் முழங்கினான்: இது சாவு மேளம் அல்ல, இழவுக் கொட்டு அல்ல, இது தமிழனின் ஆதி இசை, போர்ப்பறை! கைதட்டல். சித்தப்பா என் காதுப்பக்கம் குனிந்து கேட்டார்: "ஏட்டி, அப்பம் நான் இத்தன வருசம் அடிச்சது என்னது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு மேடையில் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையில் வருகிறதா பார்க்கலாம்.

ஒரு இசைக்கு மதிப்பு போடுகிறவர்கள் முதலில் அது எங்கே நடக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பாட்டைக் கேட்பது அதற்குப் பிறகுதான். சென்னையை யுனெஸ்கோ 2017-இல் இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எந்த இசைக்கு? நகரத்தின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சபாதான். 1927-இல் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்து 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, அதைப் பார்த்து வளர்ந்த மற்ற சபாக்கள். 1943-இல் தமிழிசைச் சங்கம் வந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று நியாயமாகக் கேட்டார்கள். பாட்டின் மொழி மாறியது. சாமி புறப்பாட்டுக்கும் பிணத்துக்கும் முன்னால் தெருவில் நின்று தமிழிலேயே அடித்துக்கொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

சபா என்றால் கேன்டீன் உண்டு. கச்சேரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அடைக்கும் காபிக்கும்தான் போகிறார்கள் என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள். அதனால் அதை யாரும் 'காபிக்கடைப் பாட்டு' என்று சொன்னதில்லை. ஐந்து நட்சத்திர விடுதி பாரில் கிடாரோடு ஒருவர் இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிறார், கேட்பவன் கையில் விஸ்கி. அதற்குப் பெயர் நாகரிகம். வடசென்னையில் இழவு வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க ஒருவன் மரண கானா பாடுகிறான். அது 'குடிகாரன் பாட்டு'. குடி இரண்டு இடத்திலும் இருக்கிறது. பாடுகிறவனின் தெரு மட்டும்தான் வேறே.

குடி என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுவோம். நம்ம ஆட்கள் கூச்சப்பட்டு விலகுகிற இடம் இது. எங்க தாத்தா காலத்தில் பனங்காட்டு ஓரம் கள்ளுக்கடை, ஓலைக்கொட்டகை. கள்ளைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பார்கள். குடித்தால் தூக்கி எறிந்துவிடலாம். "டீக்கடையில நமக்குத் தனி கிளாசு. கள்ளுக்கடையில பட்டைக்குத் தீட்டு கிடையாதுல்லா" என்று தாத்தா சொல்வார். உட்காருகிற இடம் அங்கேயும் தள்ளித்தான். ஆனாலும் அந்தி சாய்ந்தால் அங்கே கொட்டு உண்டு, பாட்டு உண்டு, எதிர்ப்பாட்டு உண்டு. அது எங்க ஆட்களின் அரங்கு. 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்குத் தடை. கொட்டகையோடு பாட்டும் போனது. 2003 நவம்பரில் அரசாங்கமே டாஸ்மாக் வழியாகச் சில்லறைக்கு விற்க வந்தது. இப்போது தூத்துக்குடியில் துறைமுகத்து லோடு லாரிக்காரர்கள் வருகிற பாரில் போய்ப் பாருங்கள். இருட்டு, ஈரத்தரை, சுண்டல், தண்ணீர்ப் பாக்கெட். பாடுகிறவன் கிடையாது. மேசைக்கு ஒரு செல்போன், அதில் ஒரு சினிமாப் பாட்டு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சாவுக்கு அடிக்கப் போனால் கூலி முழுசாகக் காசில் வராது. கொஞ்சம் காசு, கொஞ்சம் நெல், மிச்சத்துக்குச் சாராயம். வெயிலில் பிணம் எடுக்கிறவரை அடிக்க வேண்டும், சோறு எப்போது வரும் என்று தெரியாது. குடித்தால்தான் கை ஓடும் என்று அவர்களே ஊற்றிக் கொடுப்பார்கள். மறுநாள் அவர்களே 'குடிகாரப் பயலுவ' என்பார்கள். சாராயத்தைக் கூலியாகக் கொடுத்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை. சித்தப்பா 1995-இல் கொட்டை விட்டபோது குடியையும் சேர்த்தே விட்டார். ரெண்டும் ஒரே கையிலிருந்து வந்ததுதானே.

எங்கள் மாவட்டம் இசைக்குப் பெயர்போனது என்று மேடையில் சொல்வார்கள். உண்மைதான். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில்தான் இறந்தார். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் அங்கேதான் அச்சானது. எத்தனை நுணுக்கமாகக் கமகம் கமகமாகக் குறியிட்டு எழுதியிருக்கிறார்! அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். எட்டயபுரத்தைச் சுற்றியிருந்த சேரிகளில் அதே காலத்தில் சப்பரத்தடி, மருளடி, ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி என்று பெயர் பெயராக அடித்துக்கொண்டிருந்தவர்களின் கணக்குக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்கு கோயிலிலும் ஊதப்படுகிறது, இழவு வீட்டிலும் ஊதப்படுகிறது. சங்குக்குத் தீட்டு ஒட்டவில்லை. சங்கின் பக்கத்தில் நின்று அடித்த தப்புக்கு மட்டும் எப்படி ஒட்டியது?

தோல் என்பார்கள். மாட்டுத்தோல். சரி, மிருதங்கத்தில் இருப்பது என்ன தோல்? டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும், அதைப் பதம் பார்த்துக் கட்டுகிற தலித் கிறித்தவக் குடும்பங்களும் அதில் வருகிறார்கள். 2020-இல் அதை வெளியிடக் கலாசேத்ரா முதலில் அரங்கம் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்துவிட்டது. வேறு இடத்தில்தான் புத்தகம் வெளியானது. தோல் உள்ளே இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சு உள்ளே வரக்கூடாது.

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. நாஷ்வில் என்கிற ஊருக்கு நாட்டுப்பாட்டுத்தான் அடையாளம். 'கன்ட்ரி' என்று அவர்கள் சொல்கிற இசை. பிராட்வே என்ற ஒரே தெருவில் வரிசையாக பார்கள், பகலிலேயே பாட்டு தொடங்கிவிடும். பாடுகிறவர்களுக்குக் கேட்பவர்கள் போடுகிற காசுதான் பெரிய வரும்படி. பக்கத்திலேயே ரைமன் அரங்கு, 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலிக் கச்சேரி அங்கேதான் நடந்தது. அரங்கின் பின்சந்தைத் தாண்டினால் பார். பாட்டுக்காரர்கள் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் போய்வந்தார்கள். அதை யாரும் இழிவாக நினைக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த இசையின் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் சுரைக்குடுக்கையில் செய்த வாத்தியத்தின் வாரிசு. ஓப்ரியின் ஆரம்பகால நட்சத்திரம் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர், மவுத் ஆர்கன் வாசித்தவர். 1941-இல் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982-இல் செத்தார். அவரைக் கௌரவ மண்டபத்தில் சேர்த்தது 2005-இல். பாரும் அரங்கும் ஒட்டிக்கொண்டிருந்த ஊரிலும் கறுப்பனுக்குக் கதவு இப்படித்தான் திறந்தது.

எதிராளியைத் திட்டுவது சுலபம். நம்ம வீட்டுக்குள் வருவோம். தொண்ணூறுகளில் நமக்குள் பெரிய சண்டை நடந்தது. பறையை உடைத்துப்போடு, அது அடிமைத்தனத்தின் சின்னம் என்று ஒரு பக்கம். அது நம் கலை, கையில் எடுத்து மேடையேற்று என்று இன்னொரு பக்கம். எங்க தெரு முதல் பக்கம் நின்றது. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அன்றைக்கு அடித்தது விருப்பத்தினால் அல்ல, கட்டாயத்தினால். இரண்டாவது பக்கமும் வீண்போகவில்லை. 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் தப்பைக் கையில் எடுத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. 2020-இலிருந்து 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. 2025-இல் மதுரையின் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இதையெல்லாம் பார்க்க எனக்குச் சந்தோசம்தான்.

ஆனால் மேடைக்கு ஏற்றுகிற அவசரத்தில் நாமே கழுவ ஆரம்பித்துவிட்டோம். தொல்காப்பியத்தில் ஒவ்வொரு திணைக்கும் பறை உண்டு, ஆகவே நாங்கள் உயர்ந்தவர்கள் என்கிறோம். தொல்காப்பியத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வோம்? 'சாவு மேளம் அல்ல' என்று ஒருவன் மைக்கில் கத்தும்போது, சாவு மேளம் கேவலம் என்று ஊர்க்காரன் சொன்னதைத்தானே அவனும் சொல்கிறான்?

சாவு வீட்டை ஒரு அரங்காக யாராவது பார்த்திருக்கிறோமா? உள்ளே பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், வெளியே தெருவில் கொட்டு. ஒப்பாரிக்கு ஒரு கதி, கொட்டுக்கு ஒரு கதி. ரெண்டும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது, நடுவில் சுவர். இருந்தும் வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்கி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவருகிறபோது கொட்டு சட்டென்று இறங்கி அவள் கைக்கு இடம் விடும். அவள் உள்ளே போய் விழுந்ததும் மறுபடி ஏறும். சித்தப்பா இதைச் சொல்லிக்காட்டியிருக்கிறார்: "கொட்டு அழுகைக்கு முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது." இது இசை இல்லையென்றால் எது இசை? இந்தக் கலையை அவர் கற்றது அவமானத்தின் நடுவில், பிணத்துக்கு முன்னால், வாங்கிய சாராயத்தோடு. அவமானம் பொய் இல்லை, கலையும் பொய் இல்லை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் மேடையில் வைக்கச் சொன்னால், சித்தப்பா போன்றவர்கள் வாழ்க்கையில் பாதியைப் பரணிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

அன்றைக்கு அவர் மேடையில் என்ன அடித்தார் என்று கேட்பீர்கள். பத்து நிமிசத்தில் எட்டு நிமிசம் சினிமா அடியும் சப்பரத்தடியும். கைதட்டினார்கள். கடைசி ரெண்டு நிமிசம் மாரடிப்பு அடியை எடுத்தார். அரங்கம் அமைதியாகிவிட்டது. ரசித்தார்களா, சங்கடப்பட்டார்களா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குளிரில் தோல் தொய்ந்து சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் திரும்பும்போது அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பின்சந்தில் உட்கார்ந்து அழுத ஆளைப் பற்றித்தான் கேட்டார், "அவன் எந்த ஊர்க்காரன்னு நீயாவது கேட்டிருக்கலாம்லா." அடுத்த மார்கழிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். தீ மூட்ட ஒரு முற்றம் இருக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.