கம்பெனி சர்வீஸ்: கொடுக்கும் காசுக்கு ஈடாகிறதா?

கார் தயாரிப்பாளர் வகுத்த அட்டவணைப்படி, அவருடைய அங்கீகாரம் பெற்ற டீலரின் பணிமனையிலேயே வண்டியைப் பராமரிப்பதைத் தமிழ்நாட்டில் 'கம்பெனி சர்வீஸ்' என்கிறார்கள். அதற்கு மாற்று, வண்டியை 'வெளியில் விடுவது'. இலவச சர்வீஸ்கள் முடிந்து முதல் பெரிய பில் கைக்கு வந்ததும், இவற்றில் எது தகும் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குள் இரண்டு தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எந்தப் பொருளை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது அட்டவணை. அதை யார் கையால் மாற்றுவது என்பது இடம். அட்டவணைக்குச் செலவாகும் பணம் எப்போதும் தகும். இடத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சில காலத்துக்கும் சில வேலைகளுக்கும் மட்டுமே தகும்.

அட்டவணை காருடன் வரும் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. மாருதி சுசுகி உள்ளிட்ட பல நிறுவனங்களின் இன்றைய பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவே சர்வீஸ் கணக்கு. மூன்று முதல் நான்கு லிட்டர் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் சுத்தம், பிரேக், டயர் சோதனை ஆகியவற்றோடு ஒரு சாதாரண ஆண்டு முடிந்துவிடும். நிக்கல் ஸ்பார்க் ப்ளக் சுமார் 40,000 கி.மீ.யிலும் இரிடியம் ப்ளக் சுமார் ஒரு லட்சம் கி.மீ.யிலும் மாற்ற வேண்டிவரும். வருடத்துக்கு 3,000 கி.மீ.கூட ஓட்டாதவர்கள் 'வண்டி ஓடவே இல்லையே' என்று ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியின் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லை. கையேடுகளில் கடும் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். தூசி, நெரிசலில் நின்று நின்று நகர்தல், குறுந்தூர ஓட்டம் ஆகியவையே அதற்கான நிபந்தனைகள். சென்னை, கோவை, மதுரை நகருக்குள் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

மிக அதிகமாகக் கைவிடப்படுவது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகைக்குத் தர அளவுப்படி புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரி. சமவெளியில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது, சூட்டில் பிரேக் ஆயிலுக்குள் ஆவிக் குமிழிகள் உண்டானால் பெடல் காலுக்குக் கீழே பஞ்சுபோல் அமுங்கிப் போகும். பல நிறுவனங்கள் இதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. செலவும் சொற்பம். கம்பெனியோ வெளியோ, எங்கே விட்டாலும் உரிமையாளர் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

கம்பெனி சர்வீஸின் முதல் பலம் வாரண்டி. மாருதி சுசுகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. அதற்கு முன் அது இரண்டு ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே. இந்தக் காலத்துக்குள் என்ஜினிலோ கியர்பாக்ஸிலோ கோளாறு வந்தால், ஆயில் உரிய நேரத்தில் மாற்றப்பட்டதா என்பதே டீலர் முதலில் பார்க்கும் பதிவு. அது அவருடைய கணினியிலேயே இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. வெளியில் மாற்றிய ஆயிலுக்கு ரசீது இல்லையென்றால் நிரூபிக்கும் சுமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். ஆகவே வாரண்டி முடியும் வரை அட்டவணைப்படியான சர்வீஸைக் கம்பெனியில் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். அங்கு கொடுக்கும் கூடுதல் தொகையை ஒருவகைக் காப்பீட்டுப் பிரீமியமாகக் கொள்ளலாம்.

இரண்டாவது பலம் கருவிகள். வெளியில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனர் என்ஜினின் பிழைக் குறியீடுகளைப் படித்துவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் போன்ற பகுதிகளுக்குள் அது பெரும்பாலும் நுழையாது. மென்பொருளைப் புதுப்பிப்பது, புதுச் சாவியைப் பதிவு செய்வது, டபுள் கிளட்ச் கியர்பாக்ஸைச் சரிப்படுத்துவது, முன்கண்ணாடி மாற்றியபின் ஓட்டுநர் உதவிக் கேமராவை அளவுப்படுத்துவது ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் சொந்தக் கருவியோ அதற்கு இணையான உயர்தரக் கருவியோ வேண்டும். இந்த வேலைகளுக்கு ஐந்து வயது வண்டியானாலும் கம்பெனிதான் சரியான இடம்.

ரீகால் எனப்படும் திரும்பப் பெறுதலையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்று மாருதி 17,362 கார்களை அழைத்து இலவசமாகச் சரிசெய்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது. ரீகால் பழுதுக்குக் கட்டணம் கிடையாது. அதைப் பெற வண்டி தொடர்ந்து அங்கேயே சர்வீஸ் ஆகியிருக்க வேண்டியதும் இல்லை. நிறுவனத்திடம் உரிமையாளரின் இப்போதைய தொலைபேசி எண் இருந்தால் போதும். எனவே கம்பெனி சர்வீஸுக்கு இதை ஒரு காரணமாகக் காட்டுவது சரியல்ல.

குறைகள் பில்லின் இரண்டாம் பாதியில் தொடங்குகின்றன. புதுக் கார் விற்பனையில் டீலருக்கு நிற்கும் லாபம் மெல்லியது. கடையை நடத்தும் வருமானத்தில் சர்வீஸும் உதிரிபாகமும் பெரும்பங்கு தருகின்றன. இந்த அழுத்தம் சர்வீஸ் அட்வைசரின் மேசை வரை இறங்கி, ஜாப் கார்டில் கூடுதல் வரிகளாக ஏறுகிறது: என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், டெஃப்ளான் கோட்டிங், அடிப்பக்க ரஸ்ட் கோட்டிங், இன்டீரியர் ஃபோம் வாஷ். இவற்றில் பெரும்பாலானவை அதே நிறுவனம் அச்சிட்ட பராமரிப்பு அட்டவணையில் இல்லை. வண்டியை வடிவமைத்த பொறியாளர் கேட்காததை விற்பனை இலக்கு கேட்கிறது.

எல்லாமே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. ஏசி போட்டதும் புளித்த வாடை வந்தால் காயிலைச் சுத்தம் செய்வது பயன் தரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் அடிப்பக்கப் பூச்சுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் 20,000 கி.மீ. ஓடிய சாதாரண பெட்ரோல் என்ஜினுக்கு டீகார்பனைசிங் தேவைப்படுவது அரிது. வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிக்கும் வகை என்ஜினில், பெட்ரோலே உள்ளிழுக்கும் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. படிவு சேரும் சிக்கல் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் என்ஜின்களுக்கு உரியது. எந்த வகை என்ஜின் என்று பாராமல் எல்லோரிடமும் ஒரே சேவையை விற்பது நேர்மையான பரிந்துரை ஆகாது.

அடுத்த குறை, பழுது பார்ப்பதை விட மாற்றுவதையே கம்பெனி விரும்புவது. ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் கம்பெனியில் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். கைதேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அதைப் பிரித்து கார்பன் பிரஷ்ஷையோ பேரிங்கையோ ரெகுலேட்டரையோ மாற்றித் தந்துவிடுவார். சஸ்பென்ஷனில் புஷ் மட்டும் தேய்ந்திருக்க, லோயர் ஆர்ம் முழுவதும் பில்லில் ஏறும். டீலர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: புது யூனிட்டுக்கு அவர் உத்தரவாதம் தர முடியும், பிரித்துக் கட்டியதற்குத் தருவது கடினம். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு அந்த வாதம் பொருந்தும். எட்டு வயது வண்டியின் உரிமையாளருக்கு அது வெறும் செலவு.

உதிரிபாக விலையை இந்தியப் போட்டி ஆணையமே ஆராய்ந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் அது 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்தது, பாகங்களைத் தயாரித்துத் தரும் ஆலைகள் நேரடியாகச் சந்தையில் விற்பதைத் தடுத்தது ஆகியவையே முக்கியக் குற்றச்சாட்டுகள். வெளியாருக்குத் தந்தால் பாதுகாப்புக் கெடும் என்ற நிறுவனங்களின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையும் கூடாது என்றது. மேல்முறையீடுகளும் வழக்குகளும் பல ஆண்டு நீண்டன. அமெரிக்காவில் இதே கொள்கை 1975 முதலே மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் கொள்கை எழுத்தில் வந்துவிட்டாலும், கவுன்ட்டரில் நிற்கும் வாடிக்கையாளர் அதைச் சொல்லி வெல்வது எளிதாகவில்லை.

இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா பிரேக் பாகங்களையும், லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் ஆல்டர்நேட்டர்களையும் செய்கின்றன. இவை போன்ற ஆலைகளே கார் நிறுவனங்களுக்கும் பாகம் தருகின்றன, தம் பெயரில் கடைகளுக்கும் விற்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரை போட்ட பெட்டிக்கும் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டிக்கும் விலை வேறுபாடு இருந்தாலும், உள்ளே இருப்பது பல சமயம் ஒரே தரத்துப் பாகம்தான்.

வெளி மெக்கானிக்கின் பெரிய பலம் நேரடிப் பேச்சு. வண்டியில் வரும் கடகட சத்தத்தை அட்வைசரிடம் சொன்னால், அது ஜாப் கார்டில் ஒரு வரியாகச் சுருங்கி, வண்டியைத் தொடும் தொழிலாளியைச் சேரும்போது பாதி தேய்ந்துவிடும். ஷெட்டில் மெக்கானிக்கே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார். அவருடைய பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. கையேடு 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினுக்குக் கடையில் இருக்கும் தடித்த ஆயிலை ஊற்றுவது இன்னும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். தவறான ஆயிலின் சாம்பல் அதை நிரந்தரமாக அடைத்துவிடும். மாற்றும் செலவோ பல ஆண்டு சர்வீஸில் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் விழுங்கும். போலி ஃபில்டர்களும் சந்தையில் உண்டு. அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடையில் உரிமையாளரே பில் போட்டு ஆயிலும் ஃபில்டரும் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் தருவது இதற்கு நல்ல வழி. மாருதியின் ஜெனுவின் பார்ட்ஸும் ஹூண்டாய்க்கான மோபிஸ் பாகங்களும் டீலருக்கு வெளியேயும் கிடைக்கின்றன.

பில் என்பதும் கணக்கில் வர வேண்டும். சர்வீஸ் கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. வெளியில் தெரியும் மலிவில் ஒரு பகுதி பில் இல்லாததால் வரும் மலிவு. அந்த மலிவோடு மறுவிற்பனையில் காட்ட வேண்டிய சான்றும் போய்விடுகிறது. ஓடோமீட்டரைத் திருத்தி விற்பது நடக்கும் சந்தையில், கிலோமீட்டரும் தேதியும் கொண்ட தொடர்ச்சியான பதிவுக்கு விலை உண்டு. கம்பெனிப் பதிவு அதில் முதலிடம். ஒழுங்காகச் சேர்த்து வைத்த வெளிப் பில்கள் அடுத்த இடம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால் கோடு ஓரளவு தெளிவாகவே விழுகிறது. வாரண்டி உள்ளவரை கம்பெனி. ஆனால் கையேட்டின் அட்டவணைப் பக்கத்தையும் எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அட்டவணையில் இல்லாததை வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வாரண்டிக்குப் பின், மேனுவல் கியர் உள்ள எளிய பெட்ரோல் காருக்குக் கம்பெனி விலை பெரும்பாலும் தகாது, அருகில் திறமையான மெக்கானிக் இருந்தால். அப்படி ஒருவர் இல்லாத ஊரில், அதிகம் கொடுத்தாவது கம்பெனியில் விடுவதே மேல். டபுள் கிளட்ச், ஹைப்ரிட், மின்சாரக் கார்களுக்குக் கம்பெனியோடு உள்ள பிணைப்பு இன்னும் சில ஆண்டு நீளும். முன்பணம் கட்டும் சர்வீஸ் பேக்கேஜ்களில் பிரேக் பேடு, கிளட்ச் போன்ற தேய்மானப் பொருள்கள் சேருமா என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சேராத பேக்கேஜில் மிச்சமாவது கொஞ்சம்தான்.

கம்பெனியே ஊரை விட்டுப் போவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. சேவை தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தாலும், டீலர்கள் குறைந்ததால் பல ஊர்களின் ஃபிகோ, எகோஸ்போர்ட் உரிமையாளர்கள் வெளிப் பணிமனைகளைத் தேடினார்கள். டீலரிடம் வேலை பார்த்த தொழிலாளர்கள் தனியே ஷெட் போட்டு அதே வண்டிகளைக் கவனிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அத்தகைய ஒருவரை முன்பே அறிந்து வைத்திருந்தவர்களுக்குக் கம்பெனி போனபின் அலைச்சல் குறைவாக இருந்தது.