வருகிற புரவலரும் வரிசையில் நிற்கிற பிள்ளைகளும்

மாதம் நாற்பது டாலர் சொச்சம் அனுப்புகிறவருக்கு, அந்தப் பணம் போய்ச் சேரும் பிள்ளையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. ஆண்டுக்குச் சில கடிதங்கள் வருகின்றன, அதில் ஒரு மாட்டின் படமோ வீட்டின் படமோ கிரேயானில் வரைந்திருக்கும். இப்படிப்பட்டவர்களைக் கிறிஸ்தவ ஊழியங்களே கூட்டிக்கொண்டு உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, ருவாண்டா கிராமங்களுக்குப் போகின்றன. போய் வந்தவர் சபையில் சாட்சி சொல்கிறார், கேட்பவர்களுக்குக் கண்ணீர் வருகிறது, இன்னும் சிலர் ஸ்பான்சர் படிவத்தை வாங்கி நிரப்புகிறார்கள்.

இந்தப் பயணத்தைத் தேவகிருபை என்று ஒரு சாரார் புகழ்கிறார்கள். பணக்காரரின் புண்ணியச் சுற்றுலா என்று இன்னொரு சாரார் பழிக்கிறார்கள். இரு சாராரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியையும், அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகும் வருகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டுக்கும் கிடைத்திருக்கிற சான்றுகளே வேறு வேறு.

முதலில் உதவி. இன்றைக்கு இத்துறையில் பெரிய பெயர்கள் இரண்டும் கொரியப் போரின் காலத்தில் பிறந்தவை. 1950இல் பாப் பியர்ஸ் தொடங்கிய வேர்ல்ட் விஷன், கொரியாவில் அனாதையான பிள்ளைகளுக்கு 1953இல் ஸ்பான்சர் தேட ஆரம்பித்தது. 1952இல் எவரெட் ஸ்வான்சன் என்ற அமெரிக்க சுவிசேஷகர் தொடங்கியது கம்பாஷன். ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற ஏற்பாட்டைக் கம்பாஷன் இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. உள்ளூர் சபைகள் வழியாகத்தான் அது இயங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சபை வளாகத்துக்கு வருவார்கள். பாட உதவி, சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, வேதபாடம் என்று நாள் கழியும். பள்ளிக் கட்டணத்துக்கும் சீருடைக்கும் பணம் போகும்.

இது பலன் தருகிறதா என்று நெடுங்காலம் யாரும் முறையாக அளந்து பார்க்கவில்லை. புரூஸ் வைடிக், பால் கிளெவ்வி, லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளியலாளர்கள் அளந்தார்கள். கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரைப் பற்றித் தகவல் திரட்டி, 2013இல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி' இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. ஒரு கிராமத்தில் கம்பாஷன் திட்டம் தொடங்கும்போது பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்து, வயது காரணமாக மட்டும் வெளியே நின்றுபோன அண்ணன் அக்காக்கள் இருந்தார்கள். உதவி பெற்றவர்களை இவர்களோடு ஒப்பிட்டபோது, உதவி பெற்றவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதத்திலிருந்து மேலும் 11.6 முதல் 16.5 சதவீதப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. அலுவலக வேலைக்குப் போனவர்களும் கூடியிருந்தார்கள். தொண்டு நிறுவனங்கள் ஆண்டறிக்கைகளில் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொள்வது அல்ல இது, கடுமையான இதழ் ஒன்றில் மதிப்பீட்டைக் கடந்து வந்த ஆய்வு.

ஆனாலும் இதை அப்படியே இன்றைக்குத் தூக்கிவர முடியாது. ஆய்வில் வந்தவர்கள் அப்போதே வளர்ந்து ஆளாகியிருந்தவர்கள். அவர்களில் பலர் பள்ளிக்குப் போன காலத்தில் தொடக்கப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு. உகாண்டா 1997இலும் கென்யா 2003இலும் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கின. கட்டணம்தான் தடை என்றிருந்த ஊரில் அதைக் கட்டிவிட்டவர் பெரும் பலன் பெற்றுத் தந்திருப்பார். தடை இப்போது வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது: கற்பித்தலின் தரம், மேல்நிலைப் பள்ளி விடுதிச் செலவு. ஆய்வு சொல்வது கம்பாஷன் என்ற ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. மற்ற நிறுவனங்கள் அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றன.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சான்று மேற்குக் கென்யாவில் இருக்கிறது. ஐ.சி.எஸ். என்ற டச்சுத் தொண்டு நிறுவனம் தன் ஸ்பான்சர் திட்டத்தில் குலுக்கல் முறையில் சீருடை வழங்கியது. டேவிட் எவான்ஸும் முதோனி ங்காட்டியாவும் அதன் விளைவைத் தொடர்ந்து பார்த்தார்கள். சீருடை கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பது 37 சதவீதம் குறைந்தது. அதற்குமுன் சீருடையே இல்லாதிருந்தவர்களிடம் 55 சதவீதம் குறைந்தது. அருமையான பலன். ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, முடித்த வகுப்புகளின் எண்ணிக்கையில் சீருடை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் வேறுபாடு தென்படவில்லை.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது. ஒருமுறை கொடுத்த பொருள் கரைந்துபோகிறது. வாரம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'போன வாரம் ஏன் வரலை?' என்று கேட்கிற உள்ளூர் ஆள் இருந்தால் அது நிலைக்கிறது. அந்த ஆள் சபையின் ஆசிரியையாகவோ சமூகப் பணியாளராகவோ இருப்பார். புரவலர் அவருடைய சம்பளத்துக்கு வழி செய்கிறார். ஆய்வில் அளக்கப்பட்ட பலன் எதுவும் புரவலர் விமானம் ஏறியதால் வந்தது என்று யாரும் காட்டவில்லை.

இனி வருகை. கூட்டிப் போகிறவர்கள் அதற்குச் சொல்லும் முதல் நியாயம், பிள்ளைக்குத் தன்மதிப்பு கூடுகிறது என்பது. இருக்கலாம். ஆனால் வருகிறவரின் கண் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு உகாண்டாவின் புகண்டாப் பகுதியே சான்று. அங்கே பெண் பிள்ளைகள் பெரியவர்களை முழந்தாளிட்டு வணங்குவது அன்றாட மரியாதை, நம்மூரில் பெரியவர் காலில் விழுவதுபோல. முதன்முறை வருகிற அமெரிக்கருக்கு அது தெரியாது. தன் நாற்பது டாலருக்கு அந்தப் பெண் செலுத்தும் நன்றி என்று எடுத்துக்கொண்டு கலங்கிப்போகிறார். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காட்சிதான் சாட்சியில் முதலில் வரும். மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் திட்டத்தின் ஊழியர். 'பெரியவளாகி என்ன ஆவாய்?' என்று கேட்டால் டாக்டர், டீச்சர், பைலட் என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி வீடு திரும்பலாம், அதை வைத்து ஒன்றையும் அளக்க முடியாது.

அண்டை வீட்டுப் பிள்ளை என்ற சிக்கல் இதைவிடக் கனமானது. மானுடவியலாளர் எரிக்கா போர்ன்ஸ்டைன் ஜிம்பாப்வேயில் வேர்ல்ட் விஷன் வேலை செய்த கிராமங்களை ஆராய்ந்து 2001இல் எழுதினார். ஸ்பான்சர் உறவு பிள்ளையை உலகளாவிய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் சேர்க்கிறது, அதே நேரம் ஊருக்குள் ஏற்றத்தாழ்வையும் பொறாமையையும் கூர்மையாக்குகிறது என்பது அவர் கண்டது. பணம் மட்டும் வரும்போது இந்த வேறுபாடு ஓரளவு மறைந்திருக்கும். லேண்ட் குரூசர் ஒரு வீட்டு வாசலில் நின்று, பரிசுப் பை ஒரு பிள்ளை கையில் மட்டும் இறங்கும்போது ஊரே பார்க்கிறது. பொறுப்பான நிறுவனங்கள் பரிசுக்கு வரம்பு வைப்பதும், முகவரி பரிமாறத் தடை விதிப்பதும், வருகிறவரின் பின்னணியைச் சோதிப்பதும், ஊழியர் இல்லாமல் சந்திக்க விடாததும் சரியான செயல்கள். அவை இல்லாமல் அழைத்துப் போகும் ஊழியம் எதுவானாலும் அதன் பயணத்தில் சேரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

எதிர்ப்பாளர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் இங்கே தள்ளிவிட வேண்டும். லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் ஆப்பிரிக்க அனாதை இல்லங்களுக்கு வந்துபோகும் தன்னார்வலர்களைப் பற்றி எழுதினார்கள். ஒட்டி உறவாடிவிட்டுச் சில வாரங்களில் மறையும் வெளியாட்களால் சிறு பிள்ளைகளின் மனம் நோகிறது என்பது அவர்களின் கவலை. அது நியாயமானது. ஆனால் ஸ்பான்சர் பிள்ளைகளில் பெரும்பாலோர் தம் தாய் தகப்பனோடோ பாட்டியோடோ வீட்டில் வளர்கிறவர்கள். ஒரு மதியம் வந்துபோகிறவரால் அவர்கள் உடைந்துவிட மாட்டார்கள். விடுதி வைத்து வளர்க்கும் ஊழியங்களுக்குத்தான் அந்த விமர்சனம் பொருந்தும்.

வருகைக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை ஊழியங்கள் தாங்களாகச் சொல்வதில்லை. நேரில் போனவர்கள்தான் பொய்களைக் கண்டுபிடித்தார்கள். 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழின் செய்தியாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் நான்கு அமைப்புகள் வழியாகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் ஆனார்கள். பிறகு தேடிக்கொண்டு போனார்கள். 1998இல் வெளியான அவர்களின் தொடரில், மாலி நாட்டுக் கிராமத்தில் மின்னல் தாக்கி எப்போதோ இறந்துபோன சிறுமி ஒருத்தியின் பெயரில் பணம் தொடர்ந்து வாங்கப்பட்டது வெளிப்பட்டது. அது மதச்சார்பற்ற அமைப்பின் தவறு. ஆனால் கோப்பில் உயிரோடு இருக்கும் பிள்ளை ஊரில் இல்லாமல் போவது எந்த அமைப்பிலும் நடக்கக்கூடியது.

2008இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் ஆப்பிரிக்கச் செய்தியாளர் ஒருவர் எத்தியோப்பியாவில் தான் வேர்ல்ட் விஷன் வழியாக ஸ்பான்சர் செய்துவந்த சிறுமியைப் பார்க்கப் போனார். தனக்கு ஸ்பான்சர் இருப்பதே அண்மையில்தான் தெரியும் என்றாள் அவள். கையில் கிடைத்தது ஒரு பேனாவும் ஒரு மேல்சட்டையும்தான் என்றும் சொன்னாள். வேர்ல்ட் விஷன் அந்தச் செய்தியைக் கடுமையாக மறுத்தது. பணம் தனிப்பிள்ளைக்குப் போவதில்லை, ஊர் முழுமைக்குமான வளர்ச்சிப் பணிக்குப் போகிறது என்று விளக்கியது. விளக்கம் தவறில்லை. ஒரு பிள்ளையைப் பிரித்தெடுத்து உதவுவது கேடு என்று 'நியூ இன்டர்நேஷனலிஸ்ட்' இதழ் 1982இலேயே தாக்கியிருந்தது. அப்படிப்பட்ட விமர்சனங்களுக்குப் பிறகு பல அமைப்புகள் ஊர்ப் பணிக்கு அழுத்தம் கொடுத்தன. விளம்பரத்தில் மட்டும் அந்த ஒற்றைப் பிள்ளையின் முகம் அப்படியே நின்றது. செய்தியாளருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு அந்த முகமே காரணம். 2019இல் வேர்ல்ட் விஷன், புரவலரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும் புதுமுறையைக் கொண்டுவந்தது. தேர்வு செய்யும் விரல் மாறியது, முகத்தை முன்னிறுத்தும் பழக்கம் மாறவில்லை.

இந்தப் பழக்கம் ஆப்பிரிக்காவில் தொடங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர், அந்தப் பிள்ளைக்குப் பெயர் சூட்டலாம். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, டானியல் கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் கிடக்கும் கலப்புப் பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளம். அவர்கள் பெற்ற கல்வி உயர்ந்தது. சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலைத் தந்தார். பணம் கொடுத்தவருக்குத் தன் கையெழுத்து பிள்ளையின் மேல் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அப்போதே இருந்தது. கடல் கடக்க மாதக்கணக்கில் ஆன காலத்தில் பெயர் போதுமானதாக இருந்தது. இப்போது விமானம் இருக்கிறது.

வருகையின்போது தரப்படும் வாக்குறுதிகளையும் எடைபோட வேண்டும். 'நீ படித்து முடிக்கும்வரை நான் இருப்பேன்' என்பது மிக எளிதாக வாயில் வரும் சொல். இந்தியாவில் 48 ஆண்டு வேலை செய்த கம்பாஷன், அயல்நாட்டு நிதிக்கு முன்அனுமதி கட்டாயமான பிறகு, 2017 மார்ச்சில் இங்கிருந்து வெளியேறியது. தன்மேல் சுமத்தப்பட்ட மதமாற்றக் குற்றச்சாட்டை அது மறுத்தது. சுமார் 1,45,000 பிள்ளைகளின் ஸ்பான்சர் உறவு அதோடு முடிந்தது. இதில் எந்தப் புரவலரும் வாக்குத் தவறவில்லை. ஆனாலும் வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததே இல்லை. ஆப்பிரிக்கப் பயணிகள் இதை அறிந்து வாயைத் திறப்பது நல்லது.

செலவுக் கணக்கைப் போட்டு, 'டிக்கெட் காசை அனுப்பியிருக்கலாமே' என்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. விமானத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் தொகை அந்தப் பிள்ளையின் பல ஆண்டுச் சந்தாவுக்குச் சமம் என்பது உண்மை. அந்தப் பணம் எப்படியும் அந்த ஊருக்குப் போயிருக்காது, வேறொரு விடுமுறைக்குத்தான் போயிருக்கும். திரும்பி வருகிறவர் புதிய புரவலர்களைச் சேர்த்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும். ஆனால் அப்படியானால் வருகை நிதி திரட்டும் வேலை என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையின் நன்மைக்காக என்று சொல்லி அதைச் செய்யக் கூடாது. பள்ளி நாளில் பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பாட வைத்துச் செய்வதற்கு அதைவிடக் குறைந்த நியாயமே இருக்கிறது.

ஆக, என் தீர்ப்பில் உதவியும் வருகையும் ஒரே மதிப்பெண் பெறவில்லை. ஆண்டுக்கணக்கில் உள்ளூர் ஆட்களால் நடத்தப்படும், பணம் எங்கே போகிறது என்று நேராகச் சொல்லும் ஸ்பான்சர் திட்டத்துக்குப் பணம் கொடுக்கலாம். அதற்கான சான்று இருக்கிறது, குறைகளோடு. புரவலரின் வருகை பிள்ளைக்கு நல்லது என்பதற்குச் சான்று இல்லை. கண்காணிப்பு என்ற ஒரே காரணத்தில்தான் அது தேறும், அதுவும் வருகிறவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தால்.

டிக்கெட் எடுக்குமுன் ஊழியத்தின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். என் பணத்தில் எவ்வளவு இந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு ஊருக்கு? சனிக்கிழமை வகுப்பை நடத்துகிறவர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்? திட்டத்தில் சேராத பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது? என் வருகைக்காக எந்தப் பாடவேளை ரத்தாகும்? பதில் வரவில்லை என்றால் போக வேண்டாம், கடிதம் மட்டும் எழுதுங்கள். பதில் வந்தால் போங்கள். போனதும் பரிசுப் பையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.