யார் உதவினார்கள் என்று எழுதட்டும்

பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள கடையில் தெர்மாகோல் எரிமலையும் படம் ஒட்டிய சார்ட்டும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பொறியியல் கல்லூரிகளின் பக்கம் போனால் இறுதியாண்டு பிராஜெக்ட்டே விலைக்கு வருகிறது. இதைக் காட்டி, வீட்டுப்பாடத்துக்கு வெளியாரிடம் உதவி பெறுவது எல்லாமே ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். உதவி தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. படித்த பெற்றோர் இருக்கும் வீட்டில் அதே உதவி கேட்காமலே கிடைக்கிறது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை டியூஷன் அக்காவிடம் போனால் மட்டும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ஆனால் டியூஷனிலும் இரண்டு வகை உண்டு. எந்தப் படியில் சிக்கினாய் என்று கேட்டு, அதை விளக்கி, பிள்ளையையே மறுபடி போடவைப்பது ஒன்று. விடையைப் பலகையில் எழுதி எல்லோரையும் பார்த்து எழுதச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதில் நோட்டு நிறைகிறது. மறுநாள் ஆசிரியர் அதைத் திருத்திவிட்டு, எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். யாருக்கு எது வரவில்லை என்று அவருக்குத் தெரியாமலே போகிறது. மதிப்பெண் மோசடியைவிட இதையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

பழியைப் பிள்ளைகள்மேல் மட்டும் போட முடியாது. 2012-13இல் வந்த முப்பருவ முறையில் 100க்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. செய்து கற்கட்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் கடையில் வாங்கிய சார்ட்டுக்கு முழு மதிப்பெண்ணும், பிள்ளை கோணலாக வரைந்ததற்குப் பாதியும் விழுந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளையும் கடைக்குத்தான் போகும்.

மேலே போனாலும் நிலைமை சீராகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. பிராஜெக்ட் அறிக்கைகளும் ஒப்படைப்புகளும் அந்த விதிகளின் வரையறைக்குள் வரவில்லை. பள்ளியிலிருந்தே ஊறிய பழக்கத்தை முனைவர் பட்டத்தில் போய்த் தடுத்து என்ன பயன்?

சாட்ஜிபிடி வந்தபின் கடைக்குப் போகவும் தேவையில்லை. கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் வீண். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். வீட்டுப்பாடத்தின் அடியில் யார், எந்த இடத்தில் உதவினார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள். மறுநாள் இரண்டு மூன்று பேரை அழைத்து, அதே கணக்கை எண்களை மாற்றிப் பலகையில் போடச் சொல்லுங்கள்.