சட்டகத்துக்குள் இருப்பவளின் பங்கு

கடலூரில் 2004 டிசம்பர் 28ஆம் தேதி எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை நம்மில் பலர் ஏதாவது ஒரு வடிவத்தில் பார்த்திருப்போம். ஆழிப்பேரலை வந்துபோன மூன்றாம் நாள். மணலில் விழுந்து ஒரு பெண் அழுகிறார். இரண்டு கைகளும் விரிந்திருக்கின்றன, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்கின்றன. ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா எடுத்த அந்தப் படம், 2004ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' விருதைப் பெற்றது.

இந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிணங்களை வரிசையாகக் காட்டி அதிர்ச்சியூட்டியிருக்கலாம்; அதைச் செய்யவில்லை. ஒரு கையைக் காட்டி மீதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள் இன்னொன்றும் நடக்கிறது. பின்னணியில் இருப்பது மணல் மட்டுமே. தேவனாம்பட்டினமா, சோனாங்குப்பமா, எந்தக் குப்பம் என்று சொல்ல படத்துக்குள் ஓர் அடையாளமும் கிடையாது. அதனாலேயே அது எங்கும் பயணிக்க முடிந்த படமாகிறது. 'பேரிடர்', 'துயரம்', 'ஆசியா', 'பெண்' என்று எதற்கும் பொருந்தும். கடலூர்க்காரி ஒருத்தியின் தனிப்பட்ட இழவு, உலகத்துக்குப் பொதுவான துக்கத்தின் சின்னமாக மாறிவிடுகிறது. எடுத்தவரின் பெயர் படத்தோடு போகிறது, நிறுவனத்தின் பெயரும் போகிறது. பரவலாகச் சுற்றிய படக்குறிப்பில் அவள் வெறும் 'ஒரு பெண்'.

இதை ஒரு பார்வையாளராக மட்டும் நான் எழுதவில்லை. சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு ஸ்டாக் புகைப்படங்கள் எடுத்து விற்கிறவள் நான். யாரும் கேட்டு எடுக்காத படத்தை, என்றைக்காவது யாருக்காவது தேவைப்படும் என்று எடுத்து இணைய முகமைகளில் ஏற்றி வைப்பதுதான் ஸ்டாக். பத்திரிகைக்காரர், விளம்பரக்காரர், பாடப்புத்தகம் போடுகிறவர் என்று யாரோ உரிமக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்கு எனக்கு. வீராணத்து மதகு, வெள்ளாற்று அணைக்கட்டு, எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், பிச்சாவரத்துச் சுரபுன்னை எல்லாம் என்னிடம் உண்டு. ஆனால் விற்பவை பெரும்பாலும் பெண்கள் இருக்கும் படங்கள். நாற்றுக்கட்டு சுமப்பவள், குனிந்து நடுபவள், கரும்புத் தோகை உரிப்பவள். மதகு யாருக்கும் வேண்டியிருப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு முதலில் சொல்லப்படும் பாடம், 'உன் படத்தின் உரிமையைக் காப்பாற்றிக்கொள்' என்பது. நல்ல பாடம்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதற்கு மேல் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. நம் படம் வேறொரு தளத்தில் களவாகக் கிடந்தால், 2013 பதிப்புரிமை விதிகளின் கீழ் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் அதை அணுக முடியாமல் செய்யவேண்டும். மூலக்கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பதும், கோப்பின் உள்விவரத்தில் நம் பெயரைப் பதிப்பதும் இதற்கான சாட்சிகள்.

உரிமை இருந்தாலும் வருமானம் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். தொடக்க நிலையில் 15 சதவீதம். பதிவிறக்கங்களின் எண்ணிக்கை கூடக்கூட 40 சதவீதம் வரை ஏறலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் மறுபடி கீழ்ப்படிக்கு இறக்கப்படுகிறார்கள். ஒரு படத்துக்குக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை 10 சென்ட், நம் காசில் எட்டு ஒன்பது ரூபாய். எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று தோன்றும். யாரால் ஆண்டு முழுதும் இடைவிடாமல் படம் ஏற்ற முடியும் என்று கேட்டால் அந்தச் சமத்துவம் கலைந்துவிடும். பிள்ளைப்பேறு, மாமியாரின் மருத்துவமனை வாசம், பிள்ளையின் தேர்வு, தையில் சம்பா அறுவடை என்று பெண்ணின் ஆண்டு துண்டுதுண்டாக இருக்கிறது. ஆண்டுதோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்லும் முறை, இடைவெளி விடாமல் உழைக்க முடிகிறவருக்காக வகுக்கப்பட்ட முறை. அவருக்குச் சோறு வடித்துவைக்க வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதும் உண்டு. பான் அட்டை, அமெரிக்க வரிப் படிவம், டாலர் வாங்கும் கணக்கு எல்லாம் வேண்டும். எனக்குத் தெரிந்த வீடுகளில், மனைவி எடுக்கும் படம் கணவரின் கணக்கில் ஏறுகிறது. 'அவர்தான் இங்கிலீஷ் பார்த்துப்பார்' என்பது காரணம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று நாம் கொண்டாடும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவர் கணவரின் பெயரில்தான் வெளியாயின. அப்போது ஒரு பெயர் அச்சில் மறைந்தது. இப்போது ஒரு மின்னஞ்சல் முகவரிக்குள் மறைகிறது.

இவ்வளவும் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் வழக்கு. இந்த வழக்கை நாம் ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறோம். கேமராவுக்கு முன்னால் இருப்பவளின் வழக்கைப் பேசுவதில்லை. ஒருமுறை நடவு நடுகிற அக்கா ஒருவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். "இத வித்தா ஒனக்கு எவ்ளோ வரும் பாப்பா?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப எனக்கு?" என்றார். படிவத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் படிவத்தை நாம் நிதானமாக வாசிக்கவேண்டும். விளம்பரம் போன்ற வணிகப் பயன்பாட்டுக்குப் படத்தை விற்க, அதில் அடையாளம் தெரிகிறவர் கையெழுத்து வேண்டும் என்று முகமைகள் கேட்கின்றன. நான் கையாண்ட படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எல்லா ஊடகத்திலும், உலகின் எந்த மூலையிலும், என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாதபடி என்று அவை விரிகின்றன. தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த ஒருத்தி வரப்பில் நின்று, சேறு காயாத கையால் இதில் ஒப்பமிடுகிறாள். 'ஒப்புதல்' என்ற சொல்லுக்காகப் பெண்ணியம் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறது! தெரிந்து, மறுக்கும் வாய்ப்போடு, பின்னால் மனம் மாறும் உரிமையோடு தருவதுதான் ஒப்புதல் என்று படுக்கையறை வரைக்கும் வாதாடினோம். இந்தப் படிவத்தில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பண்ணையாரின் வயலில் கூலிக்கு நிற்கிறவளிடம், பண்ணையாருக்கு வேண்டியவளாகக் கேமராவோடு போய் நிற்கும்போது 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரம் அவளுக்கு எவ்வளவு? வயலில் யார் குனிகிறார்கள், வரப்பில் யார் நிற்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. கேமரா பெரும்பாலும் வரப்பில்தான் நிற்கிறது.

செய்திப் பயன்பாடு என்று குறித்து ஏற்றினால் இந்தக் கையெழுத்தும் வேண்டியதில்லை. பிறகு குறிச்சொற்கள். தேடுகிறவர் கண்ணில் படவேண்டும் என்றால் 'கிராமம்', 'ஏழ்மை', 'பாரம்பரியம்', 'சேலை', 'உழைப்பு' என்று நான் தட்டச்சு செய்ய வேண்டும். அவள் பெயருக்கு அங்கே சந்தை மதிப்பு இல்லை. இது புதிய பழக்கமும் இல்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலேயர் தொகுப்பும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலும் மனிதர்களை வகைகளாக்கித்தான் படம் பிடித்தன. அன்று சாதிப் பெயர் தலைப்பாக இருந்தது. இன்று குறிச்சொல் இருக்கிறது.

சட்டம் அவளுக்கு என்ன தருகிறது? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்குதான் இதில் முக்கியமானது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது குறித்து நக்கீரன் ஆசிரியர் தொடர்ந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை வாழ்வுரிமையின் பகுதியாகப் பார்த்தது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் ஒப்புதலின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறும் என்றும் சொன்னது. ஆக, கதவு இருக்கிறது. 2015இல் தன் பெயரையும் சாயலையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்துவதற்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் ஆளுமை உரிமை என்பது புகழ் பெற்றவர்களுக்கு உரியது என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு பேசியது. புகழ் பெற்ற முகத்துக்கு விலை உண்டு, அதனால் பாதுகாப்பும் உண்டு. நடவு நடுகிறவளின் முகத்துக்கும் சந்தையில் விலை இருக்கிறது. இல்லையென்றால் அது விற்காது. அந்த விலையை அவளுடையது என்று சொல்லத்தான் ஆளில்லை.

நம் ஊர் ஸ்டுடியோக்களையும் பார்க்கலாம். சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். மஞ்சள் நீராட்டு விழாவிலும் கல்யாணத்திலும் பணம் கொடுப்பவர் யார்? அப்பா, மாமா, மாப்பிள்ளை வீட்டார். ஆக, சடங்கான பிள்ளையின் படத்துக்கு உரிமையாளர்கள் அவளைத் தவிர மற்ற எல்லோரும். அந்தப் படம் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் விளம்பரமாக நிற்கும்போது அவளை யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லோரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் கடலூர்ப் படம் எடுக்கப்பட்டிருக்குமா? கலவரத்தையும் பேரழிவையும் உலகம் எப்படிப் பார்க்கும்? இந்தக் கேள்வியை நான் ஏற்கிறேன். அன்றைய செய்திக்காக எடுப்பதற்கு அனுமதிப் படிவம் கேட்பது அபத்தம். ஆனால் செய்தி ஒரு நாள் வாழ்கிறது, ஸ்டாக் எப்போதும் வாழ்கிறது. நான் கேட்பது அந்த இரண்டாவது வாழ்வைப் பற்றி. ஆர்கோ தத்தா 2002இல் குஜராத்தில் எடுத்த, கைகூப்பிக் கண்ணீரோடு நிற்கும் குத்புதீன் அன்சாரியின் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் அவரை எங்கும் துரத்தியது. வேலை போனது, அகமதாபாத்தை விட்டுக் கொல்கத்தாவுக்குப் போய்த் திரும்பினார். தன் முகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள் என்று அவரே கேட்க வேண்டியிருந்தது. முதல்முறை வெளியானபோது அது சாட்சியம். பிறகு வந்த ஒவ்வொரு முறையும் அது யாரோ ஒருவருக்கு வசதியான படம்.

கேமராவின் இரண்டு பக்கமும் நிற்கும் பெண்கள் எதிரெதிர் கட்சி என்ற எண்ணமும் தவறு. 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தில் இருந்தவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடிப் பெண். அவர் யாரென்று வெளியே தெரிய 1978 ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். அரசு வேலைக்காக எடுத்ததால் அது பொதுச்சொத்து. லாங்குக்கும் அதில் உரிமத்தொகை இல்லை. 1983இல் தாம்ப்சன் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். 1998 ஏலத்தில் அந்தப் படத்தின் ஒரு பிரதி 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. எடுத்தவளும் இருந்தவளும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஏலக்கூடத்துக்கு வெளியே.

இப்போது நம் படங்கள் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சித் தீனியாகவும் போகின்றன. தன் படங்களைப் பயன்படுத்தியதாக கெட்டி நிறுவனம் 2023இல் ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்குப் போட்டது. ஷட்டர்ஸ்டாக் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் செய்து, படம் கொடுத்தவர்களுக்கு என்று ஒரு நிதியை அறிவித்தது. முகமைக்கு வழக்கு, எடுத்தவருக்குச் சில்லறை. முகம் கொடுத்தவள் இந்தக் கணக்கில் எந்த வரியிலும் வருவதில்லை.

ஆகவே 'உன் உரிமையைக் காப்பாற்றிக்கொள்' என்ற பாடத்தைப் பெண்கள் பாதியோடு நிறுத்தக்கூடாது. நான் செய்வதைச் சொல்கிறேன். போதும் என்று சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வேலை நேரம் முடிந்தபின், வயலுக்கு வெளியே படித்துக் காட்டுகிறேன். கையெழுத்தை அன்றைக்கே வாங்குவதில்லை. கட்சி, மருந்து, குடும்பக் கட்டுப்பாடு, வரன் விளம்பரம் போன்றவற்றில் எது வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்தப் படத்தை வணிகத்துக்கு ஏற்றாமல் விடுகிறேன். ஒருமுறை உரிமம் போய்விட்டால் கடிவாளம் என் கையிலும் இல்லை என்பதை மறைப்பதில்லை. மனம் மாறினால் என் பக்கத்திலிருந்து படத்தை நீக்குகிறேன். அதற்கு முன் வாங்கியவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுமிகளின் சடங்குப் படங்களை ஏற்றுவதே இல்லை. படத்தோடு வருகிற பணத்தில் பாதி அவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறோம்.

பல ஆண்டுகளில் அந்தப் பாதி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. அதனால் இது வெறும் சடங்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கணக்குக் கேட்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பது. போன தையில் அந்த அக்கா, என்னிடம் பணத்தை வாங்கி எண்ணிவிட்டு, "அந்த ரெண்டாவது படத்த எடுத்துடு பாப்பா, அதுல நான் ரொம்ப இளைச்சிருக்கேன்" என்றார். எடுத்துவிட்டேன்.