எல் செத்ததும் நிறுத்திடுங்க மாமா!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் காவடிக் கூட்டத்தில் மூச்சு முட்டும். அதனால் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போவது என் வழக்கம். முருகன் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. அக்காவுக்குத்தான் கோபம். இந்த முறையும் அப்படித்தான். மலையேறி, சாமி பார்த்து, இறங்கி வந்து, அக்கா வைத்த வத்தக்குழம்பில் பாதியைக் காலி செய்துவிட்டுச் சாய்ந்தபோது, தலைமாட்டில் ஒரு குட்டிப் புத்தகம் தட்டுப்பட்டது. அக்கா மகனுடையது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருகிறான்.

பிரித்தேன். முதல் பக்கத்திலேயே ஒருத்தன் குற்றுயிராகக் கிடக்கிறான். நாலு பேர் அழுகிறார்கள். யார், ஏன், ஒன்றும் புரியவில்லை.

“என்னடா, ஆரம்பமே கருமாதியா இருக்கு?”

“மாமா, நீங்க க்ளைமாக்ஸைப் படிச்சிட்டிருக்கீங்க. புக்கை அந்தப் பக்கத்துலேர்ந்து பிரிக்கணும்!”

ஜப்பான்காரர்களுக்குப் புத்தகம் வலப்பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அரை மணி முன்னால்தான் பிராகாரத்தைப் பக்தியாக வலம் வந்திருந்தேன். புத்தகத்தை வலமிருந்து பிரிக்கத் தெரியவில்லை.

“இவன் மாங்கா மாங்கான்னு உயிரை விடறான். இது ஊறுகா போடற வயசா?” என்று சமையலறையிலிருந்து அக்கா.

மாங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக் கதை. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் பையனின் நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். எதிரே மலைக்கோயில் விளக்குகள். “எதை முதல்ல படிக்கலாம்?” என்று சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. தீர்ப்புகள் பொழிந்தன. ஊர் திரும்பும்போது பையனின் அலமாரியையே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டேன். மிச்சத்தைப் போனில் படித்தேன். ஒரு மாதம் ஆயிற்று. இப்போது அந்தத் தீர்ப்புகளை மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

டெத் நோட்: “எல் செத்ததும் நிறுத்திடுங்க மாமா.”

பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டு ஒன்று ஒரு கெட்டிக்கார மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைப் பிடிக்க வரும் துப்பறிவாளன் பெயர் எல். மொத்தம் 12 பாகம். நடுவழியைத் தாண்டியதும் எல் காலி. இரண்டு வாரிசுகள் வந்து மிச்ச வேலையைப் பார்க்கிறார்கள். நான் பிடிவாதமாகப் பன்னிரண்டையும் படித்தேன். பையன் சொன்னதுதான் சரி. திருடனும் போலீஸும் ஒருவரை ஒருவர் உள்ளூர ரசிக்கிற கதை அது. ரசிக்க ஆள் போன பிறகு வெறும் புத்திசாலித்தனம்தான் மிச்சம் இருக்கிறது.

நருட்டோ: “யுத்தம் ஆரம்பிச்சதும் தூக்கம் வந்துரும்.”

1999 முதல் 2014 வரை வாரா வாரம் வந்து, 72 பாகத்தில் முடிந்த கதை. ஊரே ஒதுக்கிவைத்த அநாதைப் பையன் ஒருவன், அதே ஊருக்குத் தலைவனாக ஆசைப்படுகிறான். முதல் பாகங்களில் அவன் தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற கட்டத்துக்கு எனக்குக் கண் கலங்கியது. கடைசிக் கால்வாசியில் ஒரு மகா யுத்தம். ஏற்கெனவே செத்தவர்களை எல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து சண்டைக்கு நிறுத்துகிறார்கள். சாவுக்கு மரியாதை போனால் கதைக்கும் போய்விடும். இதுவும் சரியான தீர்ப்பு.

ஹன்டர் ஹன்டர்: “செம கதை மாமா. ஆனா எழுதறவருக்கு முதுகு வலி.”

சிரிக்காதீர்கள். நிஜம். 1998-ல் தொடங்கிய இந்தத் தொடர், ஆசிரியர் தொகாஷியின் உடல்நிலையால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நிற்கிறது. பையன்கள் திட்டுவதில்லை. வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போல “இப்ப தேவலையாம்” என்கிறார்கள்.

டீமன் ஸ்லேயர்: “படிக்காதீங்க. படம் பாருங்க.”

கோடுகள் கொஞ்சம் கரடுமுரடு, அதனால் சொல்கிறான். 23 பாகத்தில், புகழின் உச்சியில், 2020-ல் முடித்துவிட்டார் ஆசிரியர். 2025 செப்டம்பரில் இதன் திரைப்படம் நம் தியேட்டர்களுக்குத் தமிழ்க் குரலோடே வந்தது. நாலு பேரும் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள். இந்தத் தீர்ப்பில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறேன். படத்தில் ஜொலிக்கிற நெருப்பும் நீரும் காகிதத்தில் இல்லைதான். ஆனால் வெட்டுப்பட்டுச் சாகப்போகிற அரக்கனுக்கு, சாகும் நொடியில் தன் அம்மா முகம் ஞாபகம் வருகிற மாதிரிப் பக்கங்கள் காகிதத்தில்தான் நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

ஒன் பீஸ்: “முடிக்கணும்னு படிக்காதீங்க மாமா.”

1997-ல் ஆரம்பித்து 1,100 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. “இவ்வளவு நீளத்தை எவன்டா படிப்பான்?” என்றேன். ஒருத்தன் மலையைக் காட்டினான். டிசம்பர் 31 ராத்திரி இங்கே படிபூஜை. 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். “நூறாவது படியில யாராவது இழுவைன்னு சொல்றாங்களா மாமா?” நான் கப்சிப்.

கவனித்துப் பாருங்கள். ஒரு பையனும் ‘கட்டமைப்பு’, ‘பாத்திர வார்ப்பு’ என்றெல்லாம் பேசவில்லை. இழுவை, செம, சப்பை, தூக்கம். நாலு வார்த்தைதான். ஆனால் கதை எந்த இடத்தில் படுத்தது என்பதைப் பாகம் எண்ணோடு சொல்கிறார்கள். மதிப்புரை எழுதுகிற என் நண்பர்கள் நாலு பக்கம் எழுதியும் சொல்லாமல் தப்பித்துவிடுகிற விஷயம் இது.

இந்த ஒற்றை வரித் தீர்ப்பின் மேல்தான் ஜப்பானில் ஒரு பெரிய வியாபாரமே நின்றது. நருட்டோ, ஒன் பீஸ், டெத் நோட் எல்லாம் வந்தது ஷோனென் ஜம்ப் என்ற வாரப் பத்திரிகையில். 1968-ல் ஆரம்பித்தது. 1995 வாக்கில் ஒரு இதழ் 65 லட்சம் பிரதி விற்ற பத்திரிகை. உள்ளே ஒரு அட்டை இருக்கும். இந்த வாரம் உனக்குப் பிடித்த கதை மூன்றைச் சொல் என்று கேட்கும். பள்ளிக்கூடப் பையன்கள் நிரப்பி அனுப்புவார்கள். பின்தங்கும் தொடர், எழுதியவர் யாராக இருந்தாலும், பத்து இருபது வாரத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பி.காம். படித்த எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. சரக்கு போகவில்லை என்றால் தயாரிப்பை நிறுத்து. எளிய கணக்கு.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. ஓடாத கதையை நிறுத்தச் சொல்லும் அதே அட்டை, ஓடுகிற கதையை முடிக்க விடாது. நருட்டோவின் யுத்தம் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். வாரம் 19 பக்கம், வருஷக்கணக்காக. தொகாஷியின் முதுகை மறந்துவிடாதீர்கள். நம் ‘செம’வுக்கு யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து விலை கொடுக்கிறார்.

இதெல்லாம் ஏதோ அந்நிய தேசத்து விசித்திரம் என்று நினைத்தால், வீட்டுப் பரணைக் கிளறிப் பாருங்கள். தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்த பாட்டிகள் நம் பாட்டிகள். கல்கி 1950 முதல் 1954 வரை மணியத்தின் படங்களோடு ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் எழுதினார். முடித்ததும் வாசகர்கள் விடவில்லை. இப்படித் திடுக்கென்று முடிக்கலாமா, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று ஒரே கேள்வி. மனுஷர் பதில் சொல்வதற்காகவே ஒரு முடிவுரை எழுதினார். அன்று மொட்டை மாடியில் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ கதையை 2021-ல் முடித்த விதம் சரியா தப்பா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். எழுபது வருஷம் தள்ளி, அதே சண்டை.

சித்திரக் கதையும் நமக்குப் புதிதில்லை. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். எங்கள் தலைமுறை ட்ரவுசர் பாக்கெட்டில் டெக்ஸ் வில்லரோடு அலைந்தது. லயனின் ‘இரத்தப் படலம்’ 18 பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாக 2010-ல் வந்தபோது என் நண்பன் ஆபீஸுக்கு லீவு போட்டான். இன்றும் அவர்கள் விடாமல் புத்தகம் போடுகிறார்கள். ஆனால் புத்தகக் காட்சியில் அந்த ஸ்டாலில் என்னோடு முண்டியடிப்பவர்களைப் பார்க்கிறேன். எல்லாருக்கும் காதோரம் நரை. எங்களுக்கு வேண்டியது எங்கள் பழைய நண்பர்கள். அதைத்தான் விடாமல் கேட்கிறோம், அதுதான் வருகிறது. அக்கா மகன் என்ன கேட்பான் என்று அவனைக் கேட்ட ஆள் இல்லை.

மாடியில் ஐந்து பேர் என்று சொன்னேன் இல்லையா? அதில் ஒருத்தன் கடைசி வரை பேசவே இல்லை. வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ் மீடியம். 1960 வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது. இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்கு நாலு இருக்கும். எல்லாரும் கிளம்பும்போது படிக்கட்டில் மெதுவாக என்னிடம் சொன்னான்: “ஸ்லாம் டங்க் படிங்க மாமா. கடைசில பேச்சே இருக்காது.”

படித்தேன். 31 பாகம், 1990 முதல் 1996 வரை. ஒரு பெண்ணுக்காக பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்த ரவுடிப் பையன் சகுராகியின் கதை. கடைசி ஆட்டம் சாம்பியன்களோடு. அதன் கடைசி நொடிகளில் ஆசிரியர் இனோவே வசனத்தை அநேகமாக நிறுத்திவிடுகிறார். சத்தம் குறிக்கும் எழுத்துகள்கூட இல்லை. ஓடும் கால், வியர்வை, கடிகாரம், கை, பந்து. பக்கம் பக்கமாக மௌனம். முதல் நாளிலிருந்து ஆகவே ஆகாத இரண்டு பேர், ஒருவன் பந்தைக் கொடுக்க, இன்னொருவன் போடுகிறான். 79-78. இருவரும் ஓங்கிக் கை தட்டிக்கொள்ளும் அந்தப் பக்கத்தில் நான் தனியாக நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி என்று ஒரே வரியில் சொல்லி, கதையை மூடுகிறார். பத்திரிகையில் கொடிகட்டிப் பறந்த தொடர். அட்டை சொன்னபடி கேட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. நான் படித்ததில் முதலிடம் இதற்குத்தான்.

பையனுக்குப் போன் செய்து, “உன் ஃப்ரெண்டு சொன்னது பிரமாதம்டா. அவனுக்கு மட்டும் எப்படி இந்த ரசனை?” என்றேன்.

“அவனுக்கு இங்கிலீஷ் வேகமா வராது மாமா. நாங்க எல்லாம் படிச்சுச் சொல்லுவோம், அவன் படம் பாப்பான். அந்தக் கடைசி புக்கு ஒண்ணுதான் யாரும் சொல்லாம அவனே படிச்சதுன்னு சொல்லுவான்.”

எனக்குப் பதில் வரவில்லை. ரசனை என்று நான் நினைத்தது, அவனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு.

2019-ல் அந்த ஜப்பான் பதிப்பகமே ‘மாங்கா ப்ளஸ்’ என்று ஒரு செயலி தொடங்கியது. புது அத்தியாயங்களை இலவசமாகப் படிக்கலாம். தாய் மொழி உண்டு, வியட்நாமிய மொழி உண்டு, இந்தோனேசிய மொழி உண்டு. தமிழைத் தேடினேன், காணோம். யூகிச்சி யாமமத்ஸு என்று ஒரு ஓவியர், 2004-ல், தன் 56-வது வயதில், நம் ஊர் பாஷை ஒன்றும் தெரியாமல் டெல்லிக்கு வந்து, ஒரு மாங்காவை இந்தியில் போட்டு, தெருவில் நின்று விற்றுப் பார்த்தார். வியாபாரம் படுத்துவிட்டது. அந்த அனுபவத்தையும் மாங்காவாக வரைந்தார். அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம். அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் ஒரு மனுஷன் வந்து கேட்டாவது பார்த்தார்.

1947 ஜூலையில் சென்னையில் தெலுங்குக்கு ‘சந்தமாமா’, தமிழுக்கு ‘அம்புலிமாமா’ என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தார்கள். திருத்தணி மாதிரி ஊரில், பாட்டி ஒரு மொழியிலும் பேரன் இன்னொரு மொழியிலும் அதே விக்கிரமாதித்தனைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். அதெல்லாம் நின்று போய் வருஷங்கள் ஆயிற்று.

இந்தப் பத்தியைப் பற்றியும் ‘ஜவ்வு’ என்று அவ்வப்போது ஒரு கடிதம் வரும். எழுதுங்கள், அது எனக்கு வேண்டும். அந்தப் பையனிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தால் தேவலை. ஆனால் அவன் இழுவை என்று திட்டுவதற்காவது, அவன் கைக்கு அவன் மொழியில் ஒரு கதை போய்ச் சேர வேண்டும் இல்லையா?